பதினேழு சதவீதம்

நீடாமங்கலம் கிளை நூலகத்தில்
எனக்கு முன் அந்தப் புத்தகத்தை எடுத்தவர் ஒருவர்தான்.
தேதி முத்திரைக்குப் பதினோரு வயது.
உள்ளே ஓவியங்கள் தீப்பெட்டிப் பட அளவில்,
பாதி கறுப்பு வெள்ளையில்.
‘இங்கே நீலத்தைக் கவனியுங்கள்’ என்றிருக்கும்.
கவனிக்க நீலம் இருக்காது.

எனக்கு வேலை நெல் கொள்முதல் நிலையத்தில்.
பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
சாக்கு இல்லாத நாளில் எடை இல்லை,
எடை இல்லாத நாளில் பட்டியல் இல்லை.
ரத்தான படிவங்களின் முதுகு வெள்ளையாக இருந்தது.
பள்ளி எதிர்க் கடையில்
ஆறு புட்டி போஸ்டர் கலர் வாங்கினேன்.

முதலில் மோந்திரியான்.
கோடும் கட்டமும்தானே,
பட்டியல் எழுதுகிறவளுக்குத் தெரியாத கட்டமா?
கோரையாற்று வயல்களை
மேலிருந்து பார்ப்பதுபோல் போட்டேன்.
ஸ்கேல் வைத்தால் வயல் போய்விடுகிறது.
ஸ்கேலை எடுத்தால் மோந்திரியான் போய்விடுகிறார்.
எங்கள் பக்கத்தில் ஒரு வரப்பும் நேராக இல்லை,
அண்ணனும் தம்பியும்
வருடத்துக்கு ஒரு சாண் வெட்டியது.

அப்புறம் பிக்காசோ.
சுமைதூக்கும் அம்மாசிக்கு
இரண்டு கண்ணையும் ஒரே பக்கம் வைத்தேன்,
கழுத்தை எடுத்துவிட்டேன்.
கோபிப்பார் என்றிருந்தேன்.
“மூட்டை ஏறுறப்ப இப்படித்தாம்மா இருக்கும்”
என்று சொல்லிவிட்டு அடுத்த நடைக்குப் போனார்.

பொல்லாக்குக்கு இடம் போதவில்லை.
சுண்ணாம்பைக் கரைத்து
பின்சுவரில் வீசினேன்.
மறுநாள் மேற்பார்வையாளர்
நெடுநேரம் புறாக்களைத் திட்டினார்.

மொனே வந்தபோது புரட்டாசி முடிந்திருந்தது.
ஒரே வைக்கோல் போரை
விடியலில், வெயிலில், அந்தியில், பனியில்
வரைந்துகொண்டே இருந்தாராம்.
எனக்குப் போர் தேடவேண்டியிருக்கவில்லை.
ஜன்னலுக்கு நேரே வைரக்கண்ணுவின் நெல் குவிந்திருந்தது.
ஆடுதுறை ஐம்பத்து மூன்று, மூன்று ஏக்கர்.
ஈரம் பத்தொன்பது புள்ளி இரண்டு.
பதினேழுக்கு மேல் எடுக்கக் கூடாது.
கருவியில் பார்த்து எழுதியது என் கைதான்.

காலை ஆறு மணிக்கு அது சுண்டிய பாலின் நிறம்.
பகலில் நிறமே இல்லை, வெறும் கூசல்.
ஐந்தரைக்குப் பித்தளை.
நிழல் கறுப்பல்ல என்று அங்கேதான் கண்டேன்:
ஊதா, அடியில் கொஞ்சம் செங்கல்.
குவியலின் காலடியில்
சட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்த ஆளை
ஒரே ஒரு தீற்றலில் முடித்தேன்.
நன்றாக வந்தது.

நாலாம் நாள் மழை.
நீலத் தார்ப்பாய் போர்த்திய குவியல்.
புத்தகத்தில் கிடைக்காத நீலம்,
அதையும் வரைந்தேன்.
ஐந்தாம் நாளும். ஆறாம் நாளும்.
பதிவேட்டில் ‘மழை’ என்று எழுதிவிட்டுத்
தூரிகையைக் கழுவுவேன்.

ஒன்பதாம் நாள் வெயில் அடித்தது.
தார்ப்பாயைத் தூக்கினார்.
ஆவி வந்தது, பிறகு புளித்த வாடை,
பிறகு அந்தப் பச்சை.
என் மஞ்சளில் எவ்வளவு நீலம் விட்டாலும் வராத பச்சை.
மதியம்வரை கலக்கினேன்.
கொஞ்சம் வெள்ளை,
நகக்கண் அளவு காவி.
வந்துவிட்டது.

முளைத்ததை ஒதுக்கி
மிச்சத்துக்குப் பட்டியல் போட வந்தவர்
மேசையில் தாளைப் பார்த்தார்.
மறைக்கக் கை போனது,
பாதியில் நின்றுவிட்டது.
நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
“நாத்தங்கால்ல இந்தப் பச்சை தெரிஞ்சா
எங்களுக்குச் சிரிப்பு தாங்காது” என்றார்.

விரலால் குவியலைத் தொட்டார்.
ஒட்டிக்கொண்டது.

“இதுவும் காயலயே, அம்மா.”