கிண்ணத்தில் ஒரு கோடு

முதலில் கேட்டது நகம்.
மரத்தரையில் டிக், டிக் என்று,
பக்கத்து அறையில் யாரோ
சில்லறை எண்ணுவதுபோல.

பூனை நடந்தால் கேட்கக் கூடாது.
பதினான்கு வருடம் கேட்டதில்லை.

"கேட்கிறதா?" என்றேன் டெம்னாவிடம்.
"என்னது?"
"பில்பிலியின் நகம்."
"கிழவியாகிவிட்டாள், அவ்வளவுதான்" என்று
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

பில்பிலி என்றால் எங்கள் மொழியில் மிளகு.
குட்டியாக வந்தபோது
அவ்வளவுதான் இருந்தாள்.
காரமும் அதே.

நான் எரிவாயு மீட்டர் படிப்பவள்.
வர்க்கெத்திலியின் ஒன்பது மாடிக் கட்டடங்களில்
காசு போட்டால்தான் நகரும் லிஃப்டுகளில்
ஏறி இறங்குகிறேன்.
போன மாதத்தைவிட ஏழு கூடியிருக்கிறதே,
எங்காவது கசியும், பாருங்கள் அம்மா
என்று அடுத்தவர் வாசலில் நின்று சொல்வேன்.
என் சமையலறையில்
தண்ணீர்க் கிண்ணம் மாலைக்குள் காய்வதற்கு
நவம்பர் முழுக்க
ஹீட்டரின் மேல் பழி போட்டிருந்தேன்.

கிண்ணத்தில் மெழுகுப் பென்சிலால்
ஒரு கோடு இழுத்தேன்.
மறுநாள் காலை
கோட்டுக்கு மூன்று விரல் கீழே இருந்தது தண்ணீர்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது,
இல்லை, எல்லாம் கண்ணெதிரேதான் இருந்தது.
மண்தட்டில் கட்டிகள் பெரிதாகியிருந்தன.
இடுப்புக்கு மேல் முடி திரிதிரியாக,
நாக்கு இப்போது எட்டாத இடம்.
தினமும் நான் தடவும் இடமும் அதுதான்;
கைக்கு உறைக்கவில்லை.
ஜன்னலுக்கு ஒரே தாவில் போகிறவள்
நாற்காலியில் ஏறி,
வந்த வேலையை மறந்தவள்போல் உட்கார்ந்து,
யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தபின்
தாவினாள்.
நான் அடுப்பைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நின்று
என்னைக் கழித்தேன்.
மூன்று கிலோ அறுநூறு.
வசந்தத்தில் ஊசி அட்டையில் மூன்று தொள்ளாயிரம்.
முந்நூறு கிராம்:
ஒரு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும்
சத்தமில்லாமல் வீட்டைவிட்டுப் போயிருக்கின்றன.

மருத்துவர் ஷோரெனா "எப்போதிருந்து?" என்றாள்.
நோட்டை நீட்டினேன்.
மூன்று வாரம், தேதி, விரல் கணக்கு.
"எல்லோரும் 'கொஞ்ச நாளாக' என்பார்கள்" என்று சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல், ரத்தம் எடுத்தபின்:
சிறுநீரகம் லேசாகத் தளர ஆரம்பித்திருக்கிறது,
ஆரம்பம்தான்.
பின்னங்கால் மூட்டு.
இடது பக்கம் உள்ளே ஒரு பல்.
நகம் தடித்துவிட்டது, உள்ளே இழுக்க முடியவில்லை.
"உப்பு எதுவும் தருகிறீர்களா?"
"இல்லவே இல்லை" என்றேன்.
டெம்னா சுவரிலிருந்த நாய்ப் படத்தை
வெகு கவனமாகப் பார்த்தார்.
காலை ரொட்டியோடு தினமும் ஒரு துண்டு
சுல்குனிப் பாலாடைக்கட்டி,
எத்தனை வருடமாகவோ.

இப்போது மூன்று அறையிலும் மூன்று கிண்ணம்.
ஈர உணவு, இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டு.
பல்லைப் பிடுங்கியாயிற்று.
ஞாயிறுகளில் நகம்:
துண்டில் சுற்றி, ஒரு காலுக்கு ஒரு வசவு வீதம்
நான்கு வசவு வாங்குகிறேன்.
ஜன்னலடியில் டெம்னா செய்த மரப்படியை
அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.
அதன் பக்கத்தில் நான் அடுக்கிவைத்த
பழைய மீட்டர் புத்தகக் கட்டில் ஏறி
ஜன்னலுக்குப் போகிறாள்.
அவர் இரண்டு நாள் பேசவில்லை.

இன்று காலை கணக்கு:
கோட்டுக்கு இரண்டு விரல் கீழே.
மூன்று கிலோ எழுநூறு.
நகம், சத்தமில்லை.

சத்தமில்லை என்று எழுதியபோதுதான்
ரேடியோவின் சத்தம் உறைத்தது.
குமிழைக் குனிந்து பார்த்தேன்,
மீட்டர் பார்ப்பதுபோல.
ஏழில் நின்றது.
போன குளிர்காலம்
நான்கு, மிஞ்சினால் ஐந்து.

"டெம்னா" என்று மெதுவாகக் கூப்பிட்டேன்.
பில்பிலியின் காது திரும்பியது.
அவர் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார்.

நோட்டில் இன்னொரு பத்தி பிரித்தேன்.
தலைப்பு எழுதவில்லை.
தேதி போட்டு
ஏழு என்று எழுதினேன்.