அறுபது

திரையின் இடது மூலையில் ஒரு பச்சை இலக்கம்.
அறுபது என்றால் கார் வழுக்கும்.
இருபத்திரண்டு என்றால்
வளைவுக்கு முன்னால் நின்று
வளைவுக்கு அப்பால் முளைக்கும்.
நடுவில் நடந்தது யாருக்கும் தெரியாது.

"உங்கட பக்கம் நெட் சரியில்ல"
தோஹாவிலிருந்து, காதுக்குள், மச்சான்.
பகலெல்லாம் அங்கே தண்ணிப் பவுசர் ஓட்டுகிறவர்
இரவில் என்னோடு ரேஸ் ஓட வருவார்.
நெட் என்றால் உங்கட கார்தான் குதிக்கும்.
இது என்னுடைய தெரு குதிக்கிறது,
என்னுடைய வானம் குதிக்கிறது,
இரண்டும் வேறு என்று மூன்று இரவு சொன்னேன்.
"செரி செரி" என்றார்.
அவர் செரியை இரண்டு தரம் சொன்னால்
நம்பவில்லை என்று அர்த்தம்.

முதலில் நிழல்களை அணைத்தேன்.
மறுகா புல்லை.
மறுகா தண்ணீரில் விழுகிற வெளிச்சத்தை,
வேலிக்கு வெளியே நின்று கைதட்டுகிற சனத்தை.
ஆளில்லாத மொட்டைத் தெருவில் ஓடினேன்.
அவருடைய திரையில் அதே மரங்களுக்கு நிழல் இருந்தது.
எனக்கு முப்பத்தொன்று.
அடுத்த சுற்றில் பத்தொன்பது.

ட்ரைவரை அழித்துப் புதிதாய் இறக்கினேன்,
அந்த மாச டேட்டா அதோடு முடிந்தது.
கல்முனையில் றிம்ஸான்
பெட்டியைத் திறக்காமலே சொன்னான்:
"கார்ட் போயிட்டு ராத்தா. நாப்பத்தையாயிரம்."
திறந்து பார்க்காதவனுக்குக் கொடுக்க மனமில்லை.
ஆட்டோவில் மடியில் வைத்து
நிந்தவூருக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

மகனுடைய கணக்குக் கொப்பி, பின்பக்கம்:
சுபஹுக்குப் பிறகு, அறுபது.
லுஹர், இருபத்தாறு.
அஸர், கச்சான் அடிக்குது, ஜன்னல் பூட்டு, பதினெட்டு.
அஸர், மழை, ஐம்பத்தெட்டு. (மழை!)
இஷா, கடல்காற்று, ஐம்பத்தைந்து,
அரை மணித்தியாலத்தில் முப்பது.
ஒன்பது நாள் எழுதினேன்.
பத்தாம் நாள் எழுதத் தேவைப்படவில்லை.
பெட்டியின் தகட்டில் உள்ளங்கையை வைத்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி.

நாலு ஸ்க்ரூ.
உள்ளே மில்லின் உமித்தூசி,
உப்பில் ஊறிக் கம்பளியாய்ப் படிந்து.
எங்கட வீட்டில் பூனையில்லை, பூனைமயிர் இருந்தது.
ஃபேனுக்குக் கீழே
பல்லி முட்டை ஓடு இரண்டு,
பொரித்துப் போய் நாளாகியிருக்கும்.
மருதாணி வைக்கிற குச்சியால் கிண்டினேன்,
பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன்.
காய்ந்து பொருக்கான பேஸ்ட்டை வழித்துவிட்டுப்
புதிதாய்ப் பயறளவு வைத்தேன்.

மறுகா நிழலைக் கொண்டுவந்தேன். அறுபது.
புல்லை. அறுபது.
சனத்தை.
எழும்பி நின்று கைதட்டினார்கள்.
அறுபது.

"பாத்தீங்களா" என்று கேட்க வைத்திருந்தேன்,
ஒரு கிழமையாய் நாக்கில்.
மூன்றாம் சுற்று, பாலம் தாண்டி வலது வளைவு.
அவருடைய கார் நின்றுவிட்டது.
நெட்டா என்று பார்த்தேன், நெட் இல்லை.
அவருடைய புகைக்குழாயில் புகை
ஒழுங்காய், வெட்டில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
மைக்கில் மூச்சு.
விடிய மூன்றரைக்கு எழும்புகிற மனிசன்.

ரிவேர்ஸில் வந்து அவருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.
ஆறு பேர் எங்களைக் கடந்து போனார்கள்,
ஒருவன் ஏதோ பாஷையில் ஏசிக்கொண்டு போனான்.
மரநிழல் இரண்டு காரிலும் விழுந்தது.
ஹோன் அடிக்கிற பட்டன்
பெருவிரலுக்குக் கீழேதான் இருந்தது.