அடைப்புக்குறிக்குள் பொறுப்பு

என் பெயருக்குக் கீழே ஆய்வாளர் என்றிருக்கும்.
அதற்கும் கீழே, அடைப்புக்குறிக்குள்,
பொறுப்பு.
மூன்று முத்திரைகள், ஒரே மைத்தட்டு.
திங்கள் செவ்வாய் கீழக்கரை, புதன் ஏர்வாடி,
வியாழன் மூக்கையூர்.
வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்தில் கூட்டம்.
ஏன் இத்தனை நிலுவை என்று
மூன்று ஊர் ஆய்வாளர்களிடமும் விளக்கம் கேட்பார்கள்.
மூன்று பேருக்காகவும் நான் ஒருவனே எழுந்து நிற்பேன்.

மூக்கையூர் மணலில்
மரிய செலினின் ஃபைபர் படகு
பங்குனியில் வந்து இறங்கியது.
நீலம். பக்கவாட்டில் சந்தியாகப்பர் துணை.
எண் எழுத வேண்டிய இடத்தில் மட்டும்
பெயின்டர் ஒரு வெள்ளைக் கட்டம் போட்டுவிட்டுப் போனார்.
எண் இல்லையென்றால் டோக்கன் இல்லை,
டோக்கன் இல்லையென்றால் மானிய டீசல் இல்லை.
கடன் மட்டும் எண் எதுவும் கேட்காமல்
மாதா மாதம் ஐந்தாம் தேதி வாசலுக்கு வந்துவிடுகிறது.

நீளம் அளக்க வேண்டும்,
இன்ஜின் எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்தெடுக்க வேண்டும்.
அரை மணி நேர வேலை.
அதற்கு முன்னால்
இருநூற்றுப் பதினான்கு அரை மணி நேரங்கள்
நாடா கட்டிக் கிடக்கின்றன.

"ஆளைப் போட வேண்டியதுதானே சார்"
என்கிறாள் செலின்,
வலைக்கு ஈயம் போடச் சொல்வதுபோல்.
போடத்தான் பார்த்தார்கள், அம்மா.
காலியிடம் எத்தனை என்று எண்ண ஒரு வருடம்.
எண்ணியது சரியா என்று நிதித்துறை கேட்க இன்னொன்று.
இனச்சுழற்சியில் ஒரு புள்ளி பிசகி
பட்டியல் போய்த் திரும்பி வந்தபோது
எண்ணியவரே ஓய்வு பெற்றிருந்தார்,
காலியிடம் ஒன்று கூடியிருந்தது.

பிறகு தேர்வு. எண்பத்தேழாம் கேள்வி:
கச்சான் எத்திசைக் காற்று?
விடைக்குறிப்பில் மேற்கு.
தென்மேற்கு வட்டத்தைக் கறுப்பாக்கிய நாற்பது பேர்
மதுரைக் கிளைக்கு வழக்காடப் போனார்கள்.
தடை.
மூன்று ஆடி போய்விட்டது.
ஒவ்வோர் ஆடியிலும் கச்சான்
தன் திசை வழக்கில் இருப்பது தெரியாமல்
மணலை வாரி என் மேஜையில் கொட்டுகிறது.
நிபுணர் குழு போட்டிருக்கிறார்களாம்.
குழுவில் ஒரு இடம் காலி.

செலினிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.
நரம்பைப் பல்லில் கடித்து இழுத்தபடி
"எந்த மாசத்துக் கச்சான்?" என்றாள்.
நான்கு வட்டங்களில் அந்த விடை இல்லை.

கீழக்கரை அலுவலகத்தை ஒட்டி ஜெராக்ஸ் கடை.
அங்கே நிற்பவள் நூருல் பரீதா,
அந்தத் தேர்வில் பதினோராம் இடம்.
சான்றிதழ் சரிபார்ப்புகூட முடிந்துவிட்டது.
ஆணை வந்தால்
என் மூன்று நாற்காலிகளில் ஒன்று அவளுடையது.
அதுவரை பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
உரிமத்துக்கு வருகிறவர்களுக்கு
எந்தக் கட்டத்தில் என்ன எழுத என்று அவள்தான் சொல்கிறாள்.
ஒருமுறை நான் எழுதிய விதி எண்ணையே திருத்தித் தந்தாள்.
கையெழுத்துதான் போட முடியாது.

பொறுப்பு என்பதைப் பிரித்தால்
உள்ளே பொறு என்று ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.
அவனைத்தான் தினமும்
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைக்கிறேன்.

செலின் வீட்டில் பொறுக்கவில்லை.
போன செவ்வாய் இரவு வெள்ளைக் கட்டத்தோடு
படகு கடலுக்குப் போனது.
ஏர்வாடிக்கு நேரே மறித்தார்கள்.
பதிவில்லாத படகு என்று அபராதம் எழுதியவர்
ஏர்வாடி ஆய்வாளர்.
ஏன் இன்னும் பதியவில்லை என்று அவர் கடிதம் அனுப்பியது
மூக்கையூர் ஆய்வாளருக்கு.
இரண்டு கையெழுத்தும் என்னுடையவை.
ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கோணல்.

"எத்தனை நகல் சார்?" என்றாள் பரீதா.
வாசித்துவிட்டாள், முகத்தில் தெரிந்தது.
மூன்று என்றேன். பத்து ரூபாய் நீட்டினேன்.
சில்லறை இல்லையாம்.
மீதி நாலு ரூபாயை
ஆணை வந்ததும் தருகிறேன் என்று சிரித்தாள்.