பதினாறாம் திகதி

நகரசபைக் கடிதத்தில் ஒரு வரி:
இந்த அனுமதி உங்களுக்கு
எந்த இடத்தையும் உறுதி செய்யாது.
ஆறு மாதத்துக்கு ஒருக்கால் காசு கட்டி
நாங்கள் வாங்கியது
தேடுவதற்கான உரிமை.

ஏழு சி வலயம்.
கார்க் கண்ணாடியின் மூலையில்
உள்ளங்கை அளவில் ஒரு தாள்.
ரொறொன்ரோவின் இந்த ஒடுங்கிய தெரு
பன்னிரண்டு வருடமாக
அதைப் பார்த்துத்தான் எங்களை அறிந்தது.

ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை
முதல் பதினைந்து நாள் கிழக்குப் பக்கம்,
பதினாறிலிருந்து மேற்கு.
தெருக்கூட்டும் வண்டிக்காக என்பார்கள் சிலர்.
நியாயத்துக்காக என்பாள் ஒடீலியா.
அவள் வீட்டு முன்ஜன்னலில்
பாதி மாதம் எங்கள் கொரோலாவின் பின்பக்கம்,
மீதி மாதம் வெளிச்சம்.

பதினைந்தாம் திகதி நள்ளிரவில்
கிருபைராசன் பிஜாமாவுக்கு மேல்
குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்குவார்.
அவர் மறந்த மாதங்கள்
வைப்பருக்கடியில் நனைந்து கிடந்தன,
அபராதத் தொகையோடு.

நிறுத்தி வைப்பதற்கு
தரித்தல் என்றொரு சொல் எங்களிடம் இருக்கிறது.
நீறு தரிக்கலாம், ஆடை தரிக்கலாம்,
கருவும் தரிக்கும், பஸ்ஸும் தரிக்கும்.
இரவு பத்தரைக்கு வேலை முடிந்து
மூன்று முறை சுற்றி வந்தவளுக்கு
அந்தச் சொல்லில் மட்டும் இடம் இருந்தது.

வைகாசியில்
மெக்கானிக் ட்ராகன் காரை உயர்த்திக் காட்டினான்.
வீதி உப்பு தின்றுவிட்டிருந்தது.
கால் வைக்கும் இடத்தின் ஊடாக
கராஜின் மின்குமிழ் தெரிந்தது.
அவன் சொன்ன தொகைக்கு
இன்னொரு கொரோலாவே வாங்கலாம்.

கொஞ்சக் காலம் இல்லாமல் பார்ப்போம் என்றார் இவர்.
நான்தான் ஒப்பவில்லை.
இருபது கிலோ அரிசியை யார் தூக்குவது?
இரண்டு நாள் அதே கேள்வி.
பிறகு மூட்டை நாலு கிலோப் பையானது.
அடிக்கடி வாங்கினோம்,
அடிக்கடி முடிந்தது,
அவ்வளவுதான்.

அவருக்குச் சைக்கிள்.
எனக்கு டஃபரின் பஸ்.
வந்தால் இரண்டு சேர்ந்து வரும்,
வராவிட்டால் இருபது நிமிடம்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியதுதான்.
அப்படித்தான் செலமாவிட்டைப் பார்த்தேன்.
எங்கள் முதியோர் இல்லச் சமையலறையில்
நாலு வருடமாகத் தட்டுக் கழுவுகிறாள்.
அங்கே அவள் ஒரு வணக்கமும் ஒரு ஏப்ரனும்.
பஸ்ஸில் அவளுக்கு
கணக்கில் கெட்டிக்கார மகன் இருந்தான்,
இடது முழங்காலில் நோ இருந்தது,
மனேஜரைப் போலப் பேசிக் காட்டும் திறமை இருந்தது.
கார் இருந்திருந்தால்
அந்த மனேஜரை நான் தவறவிட்டிருப்பேன்.

ஆவணியில் ஒரு பெடியன் கதவைத் தட்டினான்.
ஒரு கார் நிற்கும் இடத்தில்
பத்துச் சைக்கிள் பூட்டக் கம்பிகள் வருமாம்,
கையெழுத்து வேணுமாம்.
மாட்டேன் என்றேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?
கார் போன பிறகும்
நான் கார்க்காரியாகவே இருந்தேன்.
வாழ்க்கையில் ஒருநாளும் கார் ஓட்டாத ஒடீலியா
என் கண்ணெதிரே
பெரிய எழுத்தில் கையெழுத்து வைத்தாள்.

நேற்று ஒக்டோபர் பதினைந்து.
பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க
விழிப்பு வந்துவிட்டது.
இவர் குறட்டை.
எழுப்பக் கை போய்
பாதியில் நின்றது.

ஜன்னலுக்கு வந்தேன்.
தெரு பக்கம் மாறிக்கொண்டிருந்தது.
கோட்டுக்குக் கீழே இரவுடுப்புகள்,
முழங்காலளவு பூட்ஸ், வெறும் கணுக்கால்,
ஒருவர் நுழைய ஒருவர் வெளியேற
வயது வந்தவர்களின் கிளித்தட்டு.
சத்தம் போடாமல் கதவடைக்கப் பார்த்து
எல்லாரும் சத்தமாக அடைத்தார்கள்.

முடிந்தபோது
மேப்பிள் மரத்தடியில்
ஒரு கார் அளவு வெறுமை மிஞ்சியது.
அளந்தாற்போல் எங்களுடையது.

குப்பைத் தொட்டிகளின் பக்கமிருந்து
ஒரு ரக்கூன் வந்து
அதன் நட்ட நடுவில் இருந்தது.
பிந்தி வந்த கார் ஒன்று வெளிச்சம் அடித்தது.
அது கைகளை ஒன்றோடொன்று தேய்த்தபடி
நிமிர்ந்து பார்த்தது.
கார் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு
வேறிடம் தேடிப் போனது.

அனுமதித் தாள் ஏதும் இல்லாமல்
விடியும்வரைக்குமோ என்னவோ
அது அங்கே தரித்திருந்தது.