கை தெரிந்தால் கெட்டது

பிப்ரவரியில் அயோவாவில்
ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை.
சோளம் அறுத்த தட்டைகளின் மேல் பனி,
பனியின் மேல் இன்னும் பனி.
உள்ளே நான், ஆறிப்போன காபி,
இரவுக்குள் வாசித்து முடிக்க
நாற்பது விண்ணப்பங்கள்.

இந்த வருஷம் எல்லோரும்
செயற்கை நுண்ணறிவு படித்திருக்கிறார்கள்.
கோடை முகாமில், வார இறுதியில்,
அப்பாவின் நண்பருடைய ஆய்வகத்தில்.
ஒருவன் நுரையீரல் படத்தில் நோய் கண்டான்.
ஒருத்தி ஆந்தையின் குரலைக்
காற்றிலிருந்து பிரித்தெடுத்தாள்.
துல்லியம் தொண்ணூற்றாறு சதவீதம்.
அடுத்ததிலும் தொண்ணூற்றாறு.
அச்சுவெல்லம்போல
ஒரே குழியில் வார்த்த பிள்ளைகள்.
குறை சொல்ல எனக்கு வாயில்லை.
அந்த அச்சை விற்றதில் எங்கள் கல்லூரிக்கும் பங்குண்டு:
மூன்று வாரம், ஆறாயிரம் டாலர், சான்றிதழ் இலவசம்.

இருபத்தேழாவது கோப்பு
யாரெட்ஸி ஓல்வேரா.
வாஷிங்டன் மாநிலம், யாக்கிமா பள்ளத்தாக்கு.
வெல்டிங் பட்டறையின் மூலையில்
ஐந்து பழைய மடிக்கணினிகள்.
வகுப்பெடுத்தவர்
டிராக்டர் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் ஹால்வர்சன்.
‘அவர் எங்களைவிட ஒரு பாடம் முன்னால்.
சில வாரங்களில் ஒரு பாடம் பின்னால்.’

அடிபட்ட ஆப்பிளைப் பிரித்தறிய
எந்திரத்துக்குப் பழக்கியிருந்தாள்.
முதலில் வந்தது தொண்ணூற்றெட்டு.
பட்டறையில் கைதட்டினார்கள், பீட்சா வாங்கினார்கள்.
இவளுக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை.

நல்ல பழங்களின் படங்கள்
பெல்ட்டில் ஓடும்போதே எடுத்தவை.
அடிபட்டவற்றை
யாரோ கையில் எடுத்துக் காட்டியிருந்தார்கள்.
எந்திரம் காயத்தைப் பார்க்கவேயில்லை.
கையைப் பார்த்தது.
கை தெரிந்தால் கெட்டது.

‘சோதிக்க, கேமரா முன்னால்
என் வெறுங்கையை நீட்டினேன்.
கெட்ட பழம் என்றது.
உறுதி: தொண்ணூற்றொன்பது சதவீதம்.
படங்களில் இருந்த கைகளில்
ஒன்று என் அம்மாவுடையது.
பிளந்த கட்டைவிரல் நகத்தை வைத்துக்
கண்டுபிடித்தேன்.’

பிறகு தொள்ளாயிரம் படங்களைப்
புதிதாக எடுத்தாள், கையே படாமல்.
துல்லியம் எழுபத்தொன்று.
அதையே எழுதியிருந்தாள்,
அரைப்புள்ளிகூடக் கூட்டாமல்.

நான் எழுந்து நடந்தேன்.
தாழ்வாரத்தில் வெந்நீர்க் குழாய் மட்டும் முனகியது.

எங்களிடமும் ஒரு நிரல் இருக்கிறது.
நாங்கள் வாசிக்கும் முன்பே வரிசை போட்டுவிடும்.
யாரெட்ஸிக்கு அது தந்தது
கடைசி அடுக்கு.
காரணம் சொல்வது அதற்கு வழக்கமில்லை.
அஞ்சல் குறியீடா, பள்ளியின் பெயரா,
வெல்டிங் என்ற சொல்லா,
எதைக் கையென்று கண்டதோ.

குழுவில் டெரன்ஸ் சொன்னான்:
‘எழுபத்தொன்றா? அதைப் போய் எவளாவது எழுதுவாளா?’
நான் அந்தப் பத்தியைச் சத்தமாக வாசித்தேன்.
வெறுங்கை என்ற இடத்தில்
டெரன்ஸ் தன் கைகளை
மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.
இடம் கிடைத்தது, பாதி உதவித்தொகையும்.

மே மாதம் மறுத்து எழுதினாள்.
வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் வேறு கல்லூரி.
பாடம், கணினி இல்லை:
மணிக்கட்டு, தோள், முதுகு,
வேலை தின்னும் உடம்புகளைப் பற்றியது.
படிவத்தில் காரணங்கள் நான்கு இருந்தன.
நான்கையும் விட்டு
‘மற்றவை’யில் எழுதியிருந்தாள்:
‘உங்கள் ஊரில் ஆப்பிள் இல்லை.’

உண்மையைச் சொன்னால், கோபம் வந்தது.
அவளுக்காக மல்லுக்கட்டியவள் நான்.
வண்டியில் வீட்டுக்குப் போகிற வழியில்
எதற்குக் கோபம் என்று யோசித்தேன்,
பிடிபடவில்லை. பெட்ரோல் போட்டேன்.

நவம்பரில் புதுக் கோப்புகள் வந்தன.
முதல் பையன் கனெடிகட்.
பாய்மரப் படகு, வயலின்,
கோடை முகாம், தொண்ணூற்றாறு.
பென்சிலை எடுத்து ஓரத்தில்,
யாரும் வாசிக்காத இடத்தில், எழுதினேன்:
மீதி நான்கு யார்?