வெளுக்காத தாள்

அங் மோ கியோ, இரண்டாம் மாடி.
பல் மருத்துவருக்கும் டியூஷன் சென்டருக்கும் நடுவே
உரிமத்தைச் சட்டமிட்டு மாட்டிய கடை.
பக்கத்துக் கதவுக்குப் போகத்தான்
இந்தக் கதவில் கடன் வாங்கினேன்.
பல் போய்விட்டது.
கடன் இருக்கிறது.

மாதம் நூற்று அறுபது வெள்ளி,
பதினோரு மாதம்,
தாமதக் கட்டணம் இனி ஏறாது.
மூன்றையும் போனில் சொன்னவர் பெனடிக்ட் சியா.
நல்ல குரல். விருந்தாளியை
உள்ளே வாங்க என்பதுபோல.
போனை வைத்ததும் மின்கட்டண உறையின் பின்னால்
மூன்றையும் கிறுக்கிக்கொண்டேன்.
ஆனால் அது என் கையெழுத்து.
எனக்கு நானே கொடுத்த வாக்கு.

போன தடவை இதே நாற்காலியில் ஒருத்தி
"ஜேசன் ஒத்துக்கிட்டாரே" என்று அழுதாள்.
ஜேசன் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.
ஒத்துக்கொண்டதையும் கூடவே எடுத்துப் போயிருக்கிறார்.

"எழுதித் தாங்க" என்றேன்.
"எல்லாம் சிஸ்டத்துல இருக்கு லா, ஆன்ட்டி."
சிஸ்டம் அவர் பக்கம் பார்த்திருந்தது.
என் பக்கம் அதன் முதுகும் நாலு ஒயரும்.

நான் எழவில்லை.
அவர் பெருமூச்சு விட்டு ஒரு பொத்தானை அழுத்த
சின்ன இயந்திரம் நாக்கை நீட்டியது:
என் பெயர், தொகை, தேதி.

பதினான்கு வருடமாய்ப் பேரங்காடிக் கல்லாவில் நிற்கிறேன்.
இந்தத் தாளை எனக்குத் தெரியும்.
மை கிடையாது இதற்கு, சூடுதான் எழுதுகிறது.
பர்ஸுக்குள் மூன்று மாதம் தாங்கும்,
வெயில் பட்டால் ஒரு வாரம்.
என் பதினோராம் மாதத்தில்
இதில் வெள்ளை மட்டும்தான் பாக்கியிருக்கும்.

"பெரிய தாள். கையெழுத்து. கடை முத்திரை."
குரல் நடுங்கியது.
நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
பின்னால் காத்திருந்த டெலிவரிக்காரர்
ஹெல்மெட்டை மறு தொடைக்கு மாற்றிக்கொண்டார்.

உள்ளறையில் பிரிண்டர் இருமி இருமிக் கொடுத்தது:
புனிதமலர், த/பெ குழந்தைசாமி.
பத்துக் காசுகூட யாரிடமும் வாங்காத அப்பா
கடன் கடிதத்தில் என் பக்கத்தில் நிற்கிறார்.
அதைக் கடந்து கீழே படித்தேன்.
பதினோரு மாதம்
பன்னிரண்டாகியிருந்தது.

விரல் வைத்துக் காட்டினேன்.
"டைப்பிங் மிஸ்டேக்" என்றார்.
இருக்கலாம்.
நூற்று அறுபது வெள்ளி மிஸ்டேக்.

இரண்டாவது தாளை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.
ஏழு நிமிடம் ஆனது.
முத்திரையின் ஊதா மை காயும்வரை
ஊதிக்கொண்டே நின்றேன்,
சூடான கஞ்சியை ஊதுவதுபோல.

மாலை, ஏழாம் கல்லா.
ரொட்டியும் பேட்டரியும் வாங்கிய பையன்
"ரசீது வேணாம்" என்றான்.
கசக்கிக் கூடையில் போட்டேன், வழக்கம்போல.
அடுத்தவர், அடுத்தவர்.

பல்லில்லாத இடத்தை
நாக்கு தொட்டுத் தொட்டுப் பார்க்கும் அல்லவா,
அப்படித்தான்
சட்டைப் பைக்குள்
கை போய்ப் போய் வருகிறது.