கொசுவின் வயிற்றில் தேதி

பள்ளத்தூர் கடைவீதியில் ஃபிளெக்ஸ் கடை எனக்கு.
காதுகுத்து, கடைதிறப்பு, கண்ணீர் அஞ்சலி,
எதுவானாலும் பின்னால் ஒரு ரோஜாத்தோட்டம் வைப்பேன்.

சுகாதார ஆய்வாளர் இன்னாசிமுத்து
ஏழு தாள்களோடு வந்தார்.
வார்டு பதினைந்து, கட்டம் நாற்பத்திரண்டு.
"ஒண்ணையும் விட்றாதீங்க வள்ளிமயில்,
வெயில்ல அலைஞ்சு எண்ணினது."

விடவில்லை.
எட்டு நிறத்தில் வட்டம், வட்டத்துக்கு நிழல்,
டெங்கு என்ற சொல்லுக்கு மட்டும் நெருப்பு.
அதிகம் புழு கண்ட ஆறாம் வார்டுக்கு
ரத்தச் சிவப்பு.
வாட்ஸப் குழுவில் போட்டோம்.
ஒரே ஒரு கட்டைவிரல் உயர்ந்தது.
அது இன்னாசிமுத்துவின் கட்டைவிரல்.
ஆறாம் வார்டில் மூன்று பேர் குழுவைவிட்டுப் போனார்கள்.

தன் தெரு சந்தி சிரிப்பதை
யார் தன் கையால் அனுப்புவார்?

மறுநாள் டவுன் பஸ்ஸில் நின்றபடி
என் படத்தை நானே பார்த்தேன்.
ஒரு கை கம்பியில், ஒரு கை போனில்,
பெரிதாக்க மூன்றாவது கை வேண்டியிருந்தது.
கோட்டையூர் வந்துவிட்டது, வட்டம் விளங்கவில்லை.

நாற்பத்தொரு கட்டத்தை அழித்தேன்.
மிச்சம் ஒன்று:
புழு கண்ட பத்து வீட்டில்
ஏழு, ஆளில்லாத வீடு.

அப்புறம் ஒரு வீடு வரைந்தேன், பருந்து பார்ப்பதுபோல.
முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி.
யார் வீடென்று எழுதவில்லை.
பார்த்தவர்கள் எல்லாம் தங்கள் வீடென்றே நினைத்தார்கள்.
வானம் திறந்த முற்றத்தில் கவிழ்க்காத ஒரு அண்டா,
அதற்குள் நீலம், நீலத்தின் மேல் ஒரு கொசு.
"நீங்கள் ஊரில் இல்லாதபோது இங்கே குடியிருப்பவர்."
அவ்வளவுதான். ரோஜாத்தோட்டம் கிடையாது.

காலையில் போட்டது மதியம் சிங்கப்பூரில் இருந்தது,
சாயங்காலம் கோலாலம்பூரில்.
ஏழு வருஷமாகப் பேசாத பங்காளிகளில்
அண்ணன் தம்பிக்கு அனுப்பிய முதல் சேதி
அந்த அண்டா.
தம்பி எழுதிய பதில்: "சாவி யார்ட்ட?"
வாரத்துக்குள் இன்னாசிமுத்துவின் மேசையில்
இருபத்தாறு சாவிக்கொத்து.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யாரோ அடி ஓரத்தை வெட்டினார்கள்.
அங்கேதான் இருந்தது மாதமும் வருஷமும்
எண்ணியவர் பெயரும்.
வெட்டுப்பட்ட படம் வேறு வேறு ஊர்ப்பெயர் கட்டிக்கொண்டு
மாவட்டம் தாண்டிப் போய்
அடுத்த ஐப்பசியில் சித்தி மூலமாக என்னிடமே வந்தது:
"பத்து வீட்டுக்கு ஏழு வீட்ல டெங்குவாம், பத்திரம்."
அது டெங்கு இல்லை சித்தி, புழு.
அதுவும் போன வருஷக் கணக்கு, இப்போது இரண்டுதான்.
"ரெண்டுதானா?" என்றாள்,
எதையோ பறிகொடுத்தவள்போல.
அந்த இரண்டை அவள் யாருக்கும் அனுப்பவில்லை.

இப்போதெல்லாம் நான் தேதியை ஓரத்தில் வைப்பதில்லை.
கொசுவின் வயிற்றுக்குள் எழுதுகிறேன்,
வெட்டினால் கொசுவும் சேர்ந்து போகிற இடத்தில்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கிட்டத்தில் பார்த்தார் இன்னாசிமுத்து.
"நம்ம பேரு?"

அண்டாவின் விளிம்பைக் காட்டினேன்,
பாத்திரக்காரர் பேர் வெட்டுகிற இடத்தை.